நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் இடையே

  

சிங்கப்பூருக்குப் போனவர்களில் தேக்கா சந்தையைப் பார்க்காமல் திரும்பிய தமிழர் மிகச் சிலரே இருப்பர். அந்தச் சந்தைக்கு அருகிலேயே, சிராங்கூன் சாலையை ஒட்டினாற்போல், ரேஸ் கோர்ஸ் சாலை என்று ஒன்று உண்டு. மீன் தலைக் கறி சாப்பிட உங்களில் சிலர் அங்கே போயிருப்பீர்கள். அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர்? அதன் பக்கத்தில் உள்ள ஃபேரர் பார்க் திடலில்தான் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்தது. 1933-இல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. குதிரைகள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இன்று நாம் பேசப்போவது மனிதர்களே நீந்தி, மிதித்து, ஓடும் ஒரு பந்தயத்தைப் பற்றி. ஆங்கிலத்தில் டிரையத்லான் என்பார்கள். தமிழில் நெடுமுப்போட்டி என்கிறோம். முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் ஒருவரே, ஒரே மூச்சில், இடையில் ஓய்வில்லாமல் செய்து முடிக்க வேண்டும்.

இந்தப் போட்டி மிகப் பழையதன்று. 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் சான் டியேகோ நகரின் மிஷன் பே என்னும் இடத்தில் இந்தப் பெயரோடு ஒரு சிறு போட்டி நடந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். புதியவர்களுக்கு இதில் பாதி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்.

சிங்கப்பூருக்கும் இப்போட்டிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் அமைந்த கிழக்குக் கடற்கரைப் பூங்காவில்தான் 2010-இல் முதலாவது இளையர் ஒலிம்பிக்கின் நெடுமுப்போட்டி நடைபெற்றது. இளையர் ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதல் தங்கப் பதக்கம் அங்கேதான் வழங்கப்பட்டது. ஆகஸ்ட் 15-ஆம் நாள் அதை வென்றவர் ஜப்பானைச் சேர்ந்த யூக்கா சாத்தோ என்னும் இளம்பெண். 2015-இல் தென்கிழக்காசிய விளையாட்டுகளின் நெடுமுப்போட்டியும் அதே பூங்காவில்தான் நடந்தது. இப்போட்டிகளில் கலந்துகொள்பவர் எல்லாரும் பெரிய வீரர்கள் அல்லர். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், ஆசிரியர், பணிமனைத் தொழிலாளி என்று பலரும் பொழுதுபோக்காகப் பயிற்சி செய்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடற்கரைக்கு வந்து நிற்கிறார்கள்.

சரி, இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? நீந்தி முடித்தவர் ஈர உடம்போடு கரையேறி, தம் சைக்கிள் இருக்கும் இடத்துக்கு ஓடுகிறார். அங்கே தலைக்கவசம் அணிந்து, சப்பாத்து மாட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறார். சைக்கிள் முடிந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி, சைக்கிளை மாட்டிவிட்டு, ஓட்டத்துக்குரிய சப்பாத்தை அணிந்துகொண்டு புறப்படுகிறார். இந்த இடத்துக்கு மாற்றுமிடம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது நிற்பதில்லை. இப்போட்டியை நன்கறிந்தவர்கள் மாற்றுமிடத்தை நான்காவது விளையாட்டு என்றே அழைக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஜொகூரில் ஒரு தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் இளைஞன் ஒருவன் இப்போட்டியில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டரை அவன் 30 நிமிடத்தில் ஓடுகிறான். அதில் ஒரு நிமிடம் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 12 வினாடி விரைவாக ஓட வேண்டும். புதிதாக ஓடப் பழகியவனுக்கு அதுவே பல வாரப் பயிற்சி. 20 கிலோமீட்டர் சைக்கிளை 40 நிமிடத்தில் மிதிக்கிறான். அதில் ஒரு நிமிடம் குறைக்க, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை ஏறத்தாழ 30.8 ஆக உயர்த்த வேண்டும். பார்வைக்குச் சிறிதாகத் தெரிகிறது. ஆனால் வேகம் கூடக் கூடக் காற்று நம்மைத் தடுக்கும் வலிமை பன்மடங்காகிறது. ஆகவே அவன் கால்கள் சுமார் 7, 8 விழுக்காடு கூடுதலாக உழைக்க வேண்டும்.

இப்போது மாற்றுமிடத்துக்கு வாருங்கள். இரண்டு முறை மாறுவதற்கும் சேர்த்து அவன் 5 நிமிடம் எடுக்கிறான் என்போம். வீட்டு முற்றத்தில் இரண்டு வாரம் ஒழுங்காகப் பழகினால் அதில் ஒரு நிமிடமோ, அதற்கு மேலோ குறைத்துவிட முடியும். இதற்கு நுரையீரல் வலிமையும் வேண்டாம். விலை உயர்ந்த சைக்கிளும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவனுடைய சைக்கிள் இவன் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமாக இருக்கலாம். சாலையில் அந்தச் சைக்கிள் இவனை முந்தலாம். ஆனால் மாற்றுமிடத்தில் பணக்காரனும் ஏழையும் தலைக்கவசத்தின் கொக்கியைத் தம் கையால்தான் மாட்ட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தப் பொருளை இன்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நிமிடம் என்ன பெரிய நிமிடம் என்று யாராவது கேட்கலாம். சிங்கப்பூரின் புகழ்பெற்ற ஓட்டக்காரர் சி. குணாளன் 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2001-இல் யு.கே. ஷியாம் அதை முறியடித்தபோது அவர் எடுத்துக்கொண்ட நேரம் 10.37 வினாடி. ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்குதான் வேறுபாடு! நெடுமுப்போட்டியிலும் அப்படித்தான். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் பிரிவில் பிரிட்டனின் அலெக்ஸ் யீ, ஒரு மணி 43 நிமிடத்துக்கும் மேல் போராடிய பிறகு, இரண்டாவதாக வந்தவரைவிட 6 வினாடியே முந்தினார். மகளிர் பிரிவிலும் வேறுபாடு 6 வினாடிதான். அந்த 6 வினாடி மாற்றுமிடத்தில் கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கணக்கு நம் மக்களுக்குப் புதிதன்று. ரப்பர் மரம் வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 500 மரம். ஒவ்வொரு மரத்திலும் 3 வினாடி வீணானால் மொத்தம் 1,500 வினாடி, அதாவது 25 நிமிடம் போய்விடும். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டமும் குறைந்துவிடும். ஆகவே கை தேர்ந்தவர் மரத்தடியில் நின்று யோசிப்பதில்லை. உளி எந்தக் கையில், ஒட்டுப்பாலை எடுத்து எங்கே போடுவது, மங்கை எப்படித் திருப்பி வைப்பது என்பதெல்லாம் கைக்கே தெரியும். அவர் ஓடுவதுமில்லை, பதறுவதுமில்லை. ஆனாலும் முதலில் நிரையை முடித்து வெளியே வருபவர் அவராகத்தான் இருப்பார். மாற்றுமிடத்தில் வேண்டியதும் இதே கைத்தேர்ச்சிதான்.

இனி, செய்முறையைப் பார்ப்போம்.

முதலாவது, பொருள்களைக் குறைக்க வேண்டும். புதியவர்கள் ஒரு பெரிய பையோடு வருவார்கள். துண்டு இரண்டு, மாற்று உடை, சீப்பு, பவுடர் என்று எல்லாம் இருக்கும். எடுத்து வைத்த ஒவ்வொரு பொருளும் ஒரு வேலை. ஒவ்வொரு வேலைக்கும் நேரம் வேண்டும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே உடையை அணிந்துகொண்டால் உடை மாற்றும் வேலையே இல்லை. போட்டி எண்ணைச் சட்டையில் ஊசியால் குத்துவதற்குப் பதில் இடுப்பில் மாட்டும் மீள்பட்டையில் கோத்துக்கொள்ளலாம். சைக்கிளில் முதுகுப் பக்கமும் ஓட்டத்தில் வயிற்றுப் பக்கமும் அதைத் திருப்பிக்கொண்டால் போதும்.

இரண்டாவது, வைக்கும் ஒழுங்கு. தேக்கா சந்தையில் தேநீர் ஆற்றுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? பால் ஒரு பக்கம், சீனி ஒரு பக்கம், சாயம் ஒரு பக்கம். கண் வாடிக்கையாளரைப் பார்க்கும். கை தானாகப் போய்ச் சேரும். அதேபோல் எது முதலில் தேவையோ அது மேலே இருக்க வேண்டும். தலைக்கவசத்தைக் கைப்பிடியின் மேல் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்து, அதன் வார்களை இரு பக்கமும் விரித்துவிடுங்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால் அது கவசத்துக்குள்ளேயே இருக்கட்டும். சைக்கிள் சப்பாத்து முன்னால். ஓட்டச் சப்பாத்து அதற்குப் பின்னால். இரண்டின் வாயும் நன்றாகத் திறந்திருக்கட்டும். சைக்கிளை இலேசான கியரில் விட்டுவையுங்கள். இல்லையென்றால் புறப்படும்போதே மிதிக்க முடியாமல் தடுமாற வேண்டி வரும்.

மூன்றாவது, இடத்தை அறிதல். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வரிசை வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். விடியற்காலையில் பார்த்த இடம் நீந்திவிட்டு வந்து பார்க்கும்போது வேறு மாதிரி தெரியும். ஆகவே போட்டி தொடங்குமுன் நீச்சல் முடியும் இடத்திலிருந்து உங்கள் சைக்கிள் வரை ஒரு முறை நடந்து பாருங்கள். எத்தனையாவது வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சைக்கிளின் நிறத்தை அடையாளமாக வைக்காதீர்கள். அந்தச் சைக்கிள்காரர் உங்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டு போயிருப்பார்!

நான்காவது, செயல்களின் வரிசை. கரையேறி ஓடும்போதே நீச்சல் கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றிவிடுங்கள். சைக்கிளிடம் வந்ததும் முதலில் தலைக்கவசம். கொக்கி மாட்டிய ஒலி காதில் கேட்ட பிறகே சைக்கிளில் கை வைக்க வேண்டும். கொக்கி மாட்டாமல் சைக்கிளை எடுத்தால் விதிமீறல். மாற்றுமிடத்துக்குள் சைக்கிளில் ஏறவும் கூடாது. வெளியே தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டிய பின்புதான் ஏறலாம். திரும்பி வரும்போதும் கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். சைக்கிளை உரிய இடத்தில் மாட்டிய பிறகே தலைக்கவசத்தின் கொக்கியைக் கழற்ற வேண்டும். எடுக்கும்போது கவசம் முதலில், வைக்கும்போது கவசம் கடைசியில். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் தவறு நேராது.

அவசரம் எவ்வளவு விலை வாங்கும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஜொனத்தன் பிரௌன்லீ என்னும் பிரிட்டிஷ் வீரர் அந்தக் கோட்டைத் தாண்டுமுன்பே சைக்கிளில் ஏறிவிட்டார். அதற்காக ஓட்டத்தின் நடுவில் 15 வினாடி சும்மா நிற்க வேண்டியதாயிற்று. அவர் அண்ணன் அலிஸ்டர் தங்கம் வென்றார். தம்பிக்குக் கிடைத்தது வெண்கலம். உலகப் புகழ்பெற்ற வீரருக்கே இந்தக் கதி என்றால் நம் நிலை என்ன? பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது சரிதானே!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்போட்டியைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே கடல்நீர் குளிரும் என்பதால் தடித்த ரப்பர் உடை அணிந்து நீந்துவார்கள். அதைக் கழற்றும் வித்தையைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் கடல் வெதுவெதுப்பானது. அந்த உடை இங்கே தேவையும் இல்லை. நம் தொல்லைகள் வேறு. ஒன்று மணல், இரண்டு வியர்வை, மூன்று தாகம். காலில் ஒட்டிய மணலோடு சப்பாத்து அணிந்தால் கொப்புளம் எழும். ஆகவே ஒரு சிறு துண்டைத் தரையில் விரித்து வைத்து, அதன்மேல் காலை அழுத்தி எடுங்கள். ஒரு போத்தல் தண்ணீர் சைக்கிளிலேயே இருக்கட்டும். நின்று குடிக்காமல் சாலையில் போகும்போது குடிக்கலாம். ஆனால் குடிக்காமலே போய் நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நம் வெப்பத்தில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

உடலின் இயல்பையும் அறிந்துகொள்வோம். நீந்தும்போது உடல் படுத்த நிலையில் இருக்கிறது. திடீரென்று எழுந்து நின்றால் இரத்தம் கால்களுக்கு இறங்கும். சிலருக்குத் தலை சுற்றும். ஆகவே முதல் சில அடிகளை நடந்தே வையுங்கள். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் மரக்கட்டை போல் கனக்கும். கடைசி ஒரு கிலோமீட்டரில் கியரை இலேசாக்கி விரைவாக மிதித்துக்கொண்டு வந்தால் ஓட்டத்துக்குக் கால்கள் பழகிவிடும். பயிற்சி நாள்களிலும் சைக்கிள் மிதித்த உடனே பத்து நிமிடம் ஓடிப் பார்ப்பது நல்லது.

இப்போது குடும்பத்தாருக்கு வருகிறேன். போட்டி நாளில் மாற்றுமிடத்துக்குள் பெற்றோரோ நண்பரோ நுழைய முடியாது. வெளியாரிடம் எந்த உதவியும் பெறக் கூடாது என்பது விதி. வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும்தான் உங்கள் பங்கு. ஆனால் வீட்டில் நீங்கள் இல்லாமல் பயிற்சி நடக்காது. இரண்டு கவைக்கம்பு நட்டு, அதன்மேல் ஒரு மூங்கிலைக் கிடத்தினால் சைக்கிள் மாட்டும் சட்டம் தயார். ஒரு வாளித் தண்ணீரை உடலில் ஊற்றிக்கொண்டு, இருபது அடி தூரத்திலிருந்து பிள்ளை ஓடி வரட்டும். தங்கை கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். தம்பி எங்கே தவறு நேர்ந்தது என்று பார்க்கட்டும். முதல் நாள் மெதுவாக, வரிசை தவறாமல் ஐந்து முறை செய்தால் போதும். நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வரிசை மனத்தில் படிந்த பிறகு வேகம் தானே வரும். வாரத்துக்கு இரண்டு மாலை, இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அம்மா முற்றத்தில் நின்று, "தம்பி, கொக்கியை மாட்டினாயா?" என்று கேட்கிற அந்தக் குரல், போட்டி நாளில் அவன் காதில் ஒலிக்கும்.

தேர்ந்தவர்கள் சப்பாத்தை மிதிகட்டையிலேயே மாட்டிவிட்டு, வெறுங்காலோடு ஓடி, சைக்கிளில் ஏறிய பிறகு காலை நுழைப்பார்கள். சப்பாத்து தரையில் உரசாமல் இருக்க, ஒரு சிறிய ரப்பர் வளையத்தால் அதைச் சைக்கிளோடு பிணைத்திருப்பார்கள்; முதல் மிதியில் வளையம் அறுந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பழகாதவர் செய்தால் தானும் விழுந்து, பின்னால் வருபவரையும் விழச் செய்வார். புதியவருக்கு அது வேண்டாம். கட்டத் தேவையில்லாத மீள்கயிற்றைச் சப்பாத்தில் கோத்துக்கொள்வதே போதும். விலையும் குறைவு, பலனும் நிச்சயம்.

கடைசியாக ஒரு கண்டிப்பான வேண்டுகோள். இந்த உரையைக் கேட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் தோட்டத்துக் குட்டையிலோ, பழைய ஈயக் குட்டையிலோ தனியாக நீந்திப் பழகப் போகக் கூடாது. அந்தக் குட்டைகளின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நீச்சலை நீச்சல் குளத்தில், காவலர் இருக்கும் நேரத்தில், கற்றுக்கொடுப்பவர் முன்னிலையில்தான் பழக வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மிச்சப்படுத்திய நிமிடத்தைவிட உயிர் பெரிது.

நேயர்களே, நெடுமுப்போட்டி வீரரின் நீச்சல் தொப்பியிலும், சப்பாத்தைப் பிணைக்கும் வளையத்திலும் ரப்பர் இருக்கிறது. அது ஏதோ ஒரு தோட்டத்தில், ஏதோ ஒரு விடியற்காலையில், ஒரு தாயோ தந்தையோ வெட்டிய பாலாகவும் இருக்கலாம். அந்தப் பெற்றோருடைய பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். தொடக்கக் கோட்டிலும் போய் நிற்கட்டும். பழைய சைக்கிளாக இருந்தால் என்ன? பொருளைக் குறைத்து, ஒழுங்காக வைத்து, வரிசை தவறாமல் பழகி வந்தவனுக்கு மாற்றுமிடத்தில் முந்திச் செல்ல வழி உண்டு.